எந்தக் கடல் என்று முதலில் எழுதுங்கள்: சிங்கமீன் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்கமீனைப் பற்றியவை. உடம்பில் வரிகளும் விசிறித் துடுப்பும் விஷ முட்களும் கொண்ட பவளப்பாறை மீன் அது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். ஸ்கூபா சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே ஈட்டி வாங்க வழி கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. முதலில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

கே: சிங்கமீனைக் கண்டால் கொல்லலாமா? சட்டச் சிக்கல் வருமா? (ஊர் எழுதாத வாசகர்)

ப: எந்தக் கடலில் என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? புளோரிடா, பஹாமாஸ், பெலிஸ், மெக்சிகோவின் கொசுமெல் தீவு என்றால் அது வந்தேறி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று குறைக்கிறது. அந்தந்த இடத்தின் விதிப்படி பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேண்டும். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, மன்னார் வளைகுடா, செங்கடல் என்றால் அது அந்தப் பாறையின் பூர்வகுடி. அங்கெல்லாம் அதன் எண்ணிக்கை மிகவும் குறைவு. பஹாமாஸிலோ சில பாறைகளில் ஹெக்டேருக்கு 400 வரை எண்ணியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே எந்த உயிரினத்தின் மேல் கை வைத்தாலும் குற்றம். அமெரிக்கக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்தில் ஈட்டியோடு இறங்காதீர்கள். இனி எழுதுபவர்கள் கடலின் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கே: 1992இல் ஆண்ட்ரூ புயல் உடைத்த மீன்தொட்டியிலிருந்து தப்பிய ஆறு சிங்கமீன்கள்தான் அமெரிக்கப் பக்கக் கடலில் உள்ள எல்லாவற்றுக்கும் மூலம் என்கிறார்களே? (ஆர்லாண்டோ வாசகர்)

ப: சொல்வதற்குச் சுவையான கதை. ஆனால் 1985லேயே புளோரிடாவின் டானியா கடற்கரைக்கு அருகே ஒன்று தென்பட்டுவிட்டது. புயலுக்கு ஏழு வருடம் முன்பு! தொட்டியில் வளர்த்துச் சலித்தவர்கள் கடலில் கொண்டுபோய் விட்டதே காரணம் என்பதுதான் பொருத்தமான விளக்கம். 2000 வாக்கில் வட கரோலைனா, 2004இல் பஹாமாஸ், 2010க்குள் கரீபியன் முழுவதும், மெக்சிகோ வளைகுடாவும். இப்போது பிரேசில் வரை போய்விட்டது. ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டை இடும். முட்டைகள் கூழ் உருண்டையாக மிதக்கும், லார்வாக்கள் ஒரு மாதம் நீரோட்டத்தோடு போகும். இதற்கு எதற்குப் புயல்?

கே: என் கணவருக்கு விரலில் சிங்கமீன் முள் குத்திவிட்டது. படகில் ஐஸ் வைத்தார்கள். சரியா? (டாம்பா வாசகி)

ப: தவறு. வெந்நீர். இதை எத்தனை முறை எழுதினாலும் ஐஸ் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். விஷம் புரதம், சூட்டில் சிதையும். கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சுவலி என்றால் நேராக மருத்துவமனை. முள் துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

இன்னொன்று. 25 மீட்டர் ஆழத்தில் குத்துப்பட்டால் வலி பொறுக்காமல் மேலே பாயாதீர்கள். சிங்கமீன் குத்தி யாரும் சாவது அபூர்வம். மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்து ஏறியவர்கள் செத்திருக்கிறார்கள். வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். படகில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் இல்லாவிட்டால் ஈட்டியை எடுக்காதீர்கள்.

கே: புளோரிடாவில் உரிமம் வேண்டுமா? (ஜாக்சன்வில் வாசகர்)

ப: கை ஈட்டி, ஹவாய் ஸ்லிங் (ரப்பர் பட்டையால் எய்யும் ஈட்டி), கைவலை இவற்றால் சிங்கமீனை மட்டும் பிடிப்பதற்கு வேண்டாம். எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஈட்டிக்குத் தடையுள்ள பகுதிகள் உண்டு. கிளம்பும் முன் பாருங்கள்.

கே: கரீபியன் தீவான பொனேரில் முக்குளித்தபோது வழிகாட்டி எங்களுக்கு ஈட்டி தர மறுத்துவிட்டார். சுற்றுலாப் பயணிகளை இப்படியா நடத்துவது? (டொராண்டோ வாசகர்)

ப: நல்ல வழிகாட்டி. பொனேர் கடலில் ஈட்டி மீன்பிடிப்புக்கு வெகுகாலமாகவே தடை. சிங்கமீனுக்காக மட்டும், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்கு, அங்கேயே உருவாக்கிய ஒரு சிறு கருவியைத் தருகிறார்கள். வரிசையில் நின்று பயிற்சி பெறுங்கள்.

கே: குத்திய மீனைச் சுறாவுக்கும் களவாவுக்கும் ஊட்டிப் பழக்கினால் அவை தாமாகவே வேட்டையாடத் தொடங்கும் அல்லவா? எங்கள் குழு அடுத்த மாதம் செய்யப்போகிறது. (ஹூஸ்டன் வாசகர், இன்னும் நால்வர்)

ப: செய்யாதீர்கள். ஐந்து பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே திட்டுகிறேன்.

இந்த யோசனை புதிதல்ல. ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவில் சுறாக்களுக்கு ஈட்டி முனையிலிருந்து சிங்கமீனை ஊட்டிய படங்கள் 2011இலேயே உலகம் சுற்றின. பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் சுறா கற்றுக்கொள்வது என்ன? கையில் குச்சியோடு குமிழி விட்டுக்கொண்டு வரும் மனிதனிடம் சாப்பாடு இருக்கிறது என்பதைத்தான். பாறை இடுக்கில் முள்ளை விரித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் உயிருள்ள சிங்கமீனைத் தேடிப்போக அதற்கு என்ன அவசியம்?

ஒரு கரீபியன் தீவில் நான் கண்டதைச் சொல்கிறேன். தீவின் பெயரும் படகுக்காரர் பெயரும் வேண்டாம். வழிகாட்டி ஈட்டியின் ரப்பர் பட்டையை இழுத்து விட்டார். மீனைக்கூடக் குத்தவில்லை, சும்மா சோதித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பாறைக்கு அடியில் படுத்திருந்த நர்ஸ் சுறா எழுந்து நேராக எங்கள் கூட்டத்துக்குள் வந்தது. ஒவ்வொருவர் கையாக மோந்து பார்த்தது. கேமராவை நீட்டியிருந்த ஒரு பெண்ணின் கையுறையை வாயில் கவ்வி உறிஞ்சியது. காயம் இல்லை, கையுறை மட்டும் போனது. மோரே விலாங்காக இருந்திருந்தால் விரல் போயிருக்கும். அந்தப் பெண் அன்று எந்த மீனையும் வேட்டையாட வரவில்லை. நேற்று யாரோ ஊட்டியதற்கு இன்று இன்னொருவர் கையை நீட்ட வேண்டியிருக்கிறது.

களவாவுக்கு நடப்பது இதைவிடக் கேவலம். நாசாவ் களவா ஏற்கெனவே அருகிவரும் மீன். மனிதனைக் கண்டால் ஒதுங்குவதுதான் அதற்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு. உங்கள் கையில் தின்று பழகிய களவா, அடுத்த வாரம் கறிக்கு மீன் தேடி வருபவனிடமும் அதே நம்பிக்கையோடு போகும்.

பலனாவது உண்டா? கரீபியனில் 71 பாறைகளைக் கணக்கெடுத்து 2013இல் வந்த ஆய்வு, உள்ளூர் வேட்டை மீன்கள் அதிகம் உள்ள இடத்தில் சிங்கமீன் குறைவாக இருக்கவில்லை என்றது. களவாவின் வயிற்றில் எப்போதாவது சிங்கமீன் கிடைப்பது உண்மை. அதற்காக உங்கள் ஊட்டல் படலத்தை அறிவியல் என்று அழைக்காதீர்கள். புளோரிடா எல்லைக்குள் முக்குளிப்பவர்கள் மீனுக்குத் தீனி போடுவது 2002 முதல் சட்டப்படி தடை. குத்திய மீனை முள் துளைக்காத குழாய்க் கூடையில் போட்டு மூடி, மேலே கொண்டுவந்து, சமைத்துச் சாப்பிடுங்கள். கூடை இல்லையா? ஈட்டியை எடுக்காதீர்கள்.

கே: சிங்கமீன் 300 மீட்டர் ஆழத்திலும் இருக்கிறதாமே. 30 மீட்டரில் நாம் கொல்வதால் என்ன பயன்? (மயாமி வாசகர்)

ப: நியாயமான கேள்வி. அடியோடு ஒழிக்க முடியாது. முடியும் என்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஒழிக்கத் தேவையும் இல்லை. பஹாமாஸின் எல்யூத்ரா தீவருகே 24 பாறைகளில் ஒன்றரை வருடம் பார்த்தார்கள். இடத்துக்கு ஏற்ப 75 முதல் 95 சதவீதம் வரை சிங்கமீனைக் குறைத்து வைத்த பாறைகளில் உள்ளூர்ச் சிறுமீன்கள் 50 முதல் 70 சதவீதம் பெருகின. சும்மா விட்ட பாறைகளில் அவை குறைந்துகொண்டே போயின. ஆகவே ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வருடத்துக்கு ஒரு சிங்கமீன் வேட்டைப் போட்டி, பரிசு, புகைப்படம், பிறகு மறந்துவிடுவது என்றால் பலன் நிற்காது. போட்டிகளைக் குறை சொல்லவில்லை. 2019இல் புளோரிடாவின் டெஸ்டினில் இரண்டே நாளில் 14,000க்கு மேல் பிடித்தார்கள். ஆழத்து மீனுக்குத் தனிப் பொறிகளைச் சோதித்து வருகிறார்கள். அது உங்கள் வேலையல்ல. ஒரு மீனுக்காக 40 மீட்டரைத் தாண்டாதீர்கள்.

கே: முன்பு கிட்டப் போனாலும் அசையாத மீன்கள் இப்போது பார்த்ததும் ஒளிகின்றன. ஏன்? (நாசாவ் வாசகர்)

ப: உங்களைப் போன்றவர்கள் குறி தவறியதால். தொடர்ந்து வேட்டை நடக்கும் பாறைகளில் அவை பகலில் வெளியே வருவதைக் குறைத்து இடுக்குக்குள் போய்விடுகின்றன. இது ஆய்விலும் பதிவானது. தலைக்குப் பின்னால், ஒரு முழத்துக்குள் நெருங்கி, பின்னணியில் பவளம் இல்லை என்று உறுதியானால் மட்டும் ஈட்டியை விடுங்கள். சந்தேகம் இருந்தால் விடாதீர்கள். போக ஏற்ற நேரம் அந்தி. அது இரை தேட வெளியே வரும் பொழுது.

கே: குழம்பு வைக்கலாமா? விஷம்? (அட்லாண்டா வாசகி)

ப: தாராளமாக. விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. முதுகில் 13, வயிற்றடியில் 2, வாலுக்கு முன்னே அடிப்பக்கத் துடுப்பில் 3, ஆக 18 முட்கள். கனத்த கத்தரியால் இவற்றை அடியோடு வெட்டி எறிந்துவிட்டால் மற்ற மீனைப் போலத்தான். விசிறி போல விரியும் பக்கத் துடுப்பிலும் வாலிலும் விஷமில்லை. மீன் செத்தாலும் முள் குத்தும். கூலர் பெட்டிக்குள் கைவிட்டுக் குத்துப்பட்டவர்களே எனக்கு அதிகம் எழுதுகிறார்கள். சதை வெள்ளையாக, களவா போலக் கெட்டியாக இருக்கும்; புளி கொஞ்சம் குறைவாகவே விடுங்கள். வர்ஜின் தீவுகள் போன்ற சிகுவடேரா (மீன் சதையில் சேரும் ஒரு நஞ்சு) பகுதிகளில் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது.

கே: சைப்ரஸிலும் பார்த்தேன். அட்லாண்டிக்கிலிருந்து வந்ததா? (லண்டன் வாசகர்)

ப: இல்லை. செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக. அது, அட்லாண்டிக்கில் பெரும்பாலும் காணும் இனத்துக்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு இனம்.

கே: வேலை மாற்றலாகி ஊர் போகிறேன். என் தொட்டி மீன்களை அருகிலுள்ள கடலில் விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

ப: விடாதீர்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது பதிலை மறுபடி படியுங்கள்.

கே: என் முதல் சிங்கமீன்! படம் இணைத்திருக்கிறேன். (கீ லார்கோ வாசகர்)

ப: விசிறித் துடுப்பு எங்கே? உடம்பில் வரிகள் எங்கே? நீங்கள் கொன்றிருப்பது புள்ளித் தேள்மீன். அந்தப் பாறையிலேயே பிறந்து வளர்ந்த உள்ளூர் மீன். முள்ளில் அதற்கும் விஷம் உண்டு, வெந்நீரைத் தயாராக வையுங்கள். அடுத்த மூன்று முக்குளிப்புக்கு ஈட்டியைப் படகிலேயே விட்டுவிட்டு, கேமராவோடு மட்டும் இறங்குங்கள்.