மணிக்குக் கிட்னி பிரச்னை: மூட்டையில் பாஸ்பரஸ் எங்கே போட்டிருக்கிறது?

கேள்வி: எங்கள் லேப்ரடார் மணிக்கு ஒன்பது வயது, 28 கிலோ எடை. திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்கிறானே என்று ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியேட்டினின் 2.3, பாஸ்பரஸ் 5.4. கிட்னி தளர ஆரம்பித்துவிட்டது, சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்த கிட்னி டயட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மணி போய்விட்டான். விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் வேறொரு மூட்டையைக் காட்டி, "இதில் புரோட்டீன் கம்மி, கிட்னிக்கு நல்லது" என்கிறார். பின்பக்கத்தில், "புரோட்டீன் 20%, கொழுப்பு 10%, நார் 5%, ஈரப்பதம் 10%. தானியங்கள், கோழி மற்றும் கோழி உபபொருட்கள், தாவர எண்ணெய், தாதுக்கள்" என்று மட்டும் இருக்கிறது. இதைக் கொடுக்கலாமா? தினமும் ஒரு கால்சியம் எலும்பும், இரவில் பால் சாதமும் சாப்பிடுவான்.
- வாசகி, திருச்சி

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த உணவு கெட்டது என்று நான் சொல்லவில்லை. மணிக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்ய வேண்டிய எண் அந்த மூட்டையில் இல்லை, அவ்வளவுதான்.

கிரியேட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு; அது 2.3 என்றால் நாய்களுக்கு இரண்டாம் கட்டக் கிட்னி நோய் (1.4 முதல் 2.8 வரை). இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் பாஸ்பரஸ் 4.6-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கால்நடை மருத்துவர்கள் நாங்கள் வைக்கும் இலக்கு. மணிக்கு 5.4 இருக்கிறது. தளர்ந்த கிட்னியால் பாஸ்பரஸை வெளியே தள்ள முடியாது. அது ரத்தத்தில் தேங்கி, மிச்சமிருக்கும் கிட்னியையும் அரிக்கும். ஆகவே முதலில் குறைய வேண்டியது பாஸ்பரஸ்தான். புரோட்டீன் அப்புறம். தரமான புரோட்டீனை அவசரப்பட்டு வெட்டினால் தொடைச் சதை கரைந்து, நாய் எலும்பும் தோலுமாகிவிடும்.

அந்த 20%-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "மினிமம்" என்று இருக்கிறதா, பாருங்கள். அநேகமாக இருக்கும். அப்படியானால் இருபதுக்குக் குறையாது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். உள்ளே 25 இருந்தாலும் லேபிள் பொய் சொன்னதாகாது. சில மூட்டைகளில் பாஸ்பரஸும் இப்படித்தான் "மினிமம் 0.6%" என்று வரும். வளரும் குட்டிக்கு, எவ்வளவுக்குக் குறையாது என்று தெரிந்தால் போதும். கிட்னி நோயாளிக்குத் தெரிய வேண்டியது எவ்வளவுக்கு மேல் போகாது என்பது. சாதாரண மூட்டைகளில் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை.

கணக்காகவே சொல்கிறேன். மணி ஒரு நாளைக்கு 300 கிராம் சாப்பிடுகிறான் என்று வையுங்கள். உணவில் பாஸ்பரஸ் 1% என்றால் 3 கிராம் உள்ளே போகிறது. 0.4% என்றால் 1.2 கிராம். ஒரே கிண்ணம், ஒரே அளவு, இரண்டரை மடங்கு வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு உருண்டைகள்.

அடுத்து அந்தப் பட்டியல். "கோழி உபபொருட்கள்" என்றால் ஈரலாகவும் இருக்கலாம், சதை எடுத்த பின் மிஞ்சும் எலும்புக்கூட்டை அரைத்ததாகவும் இருக்கலாம். ஈரலிலும் பாஸ்பரஸ் கணிசமாக உண்டு, எலும்பிலோ சொல்லவே வேண்டாம். "தாதுக்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் டைகால்சியம் பாஸ்பேட் இருக்கிறதா, சோடியம் பாஸ்பேட் இருக்கிறதா, தெரியாது. இரண்டுமே பாஸ்பரஸ் உள்ள உப்புகள். இறைச்சியில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸைவிட, இப்படி உப்பாகச் சேர்க்கும் சில பாஸ்பேட்டுகள் உடலில் சுலபமாகச் சேர்ந்துவிடும். ஆரோக்கியமான நாய் என்றால் நான் இவ்வளவு நோண்ட மாட்டேன்.

நாம் கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இருக்கிறதே, இதில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் "உணவு" என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் சேராது, அதனால் பிஸ்கட்டுக்கான லேபிள் விதிகள் இதற்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிட்னி நாய்களுக்கென்று விற்கும் உணவுக்கு 2020-ல் வந்த விதி, ஒரு கிலோவில் பாஸ்பரஸ் 5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் அளவையும், புரோட்டீன் எதிலிருந்து வருகிறது என்பதையும் லேபிளில் போட்டே ஆக வேண்டும். அங்கே முடிகிறது என்றால் எங்கேயும் முடியும். "எங்கள் ஃபார்முலா ரகசியம்" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானம் எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை. சமையல் குறிப்பையா கேட்கிறோம்? உப்பு எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்றுதானே!

கிட்னிக்கு மட்டும் வரும் தொல்லையும் இல்லை இது. கோழி ஒத்துக்கொள்ளாத ஒரு ஸ்பிட்ஸை மூன்று மாதம் பார்த்தேன். அரிப்பு நிற்கவே இல்லை. "நீங்கள் சொன்ன மாதிரி ஆட்டுக்கறி உணவுதான் டாக்டர்" என்று வீட்டம்மா சத்தியமே செய்தார். மூட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கம் ஆட்டுக்குட்டி படம், பின்பக்கம் நான்காவது வரியில் கோழிக் கொழுப்பு, அதற்கடுத்து "விலங்குப் புரோட்டீன்". எந்த விலங்கு? மாற்றிய எட்டாவது வாரம் நாய் நிம்மதியாகத் தூங்கியது. சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதுவும் லேபிளில் இருக்காது. நூறிலிருந்து புரோட்டீன், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாதுக்கள்) எல்லாவற்றையும் கழித்து நாமே குத்துமதிப்பாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கிரேவி பாக்கெட்டைப் பார்த்து "புரோட்டீன் வெறும் 8%தான்" என்று ஏமாந்துவிடாதீர்கள். அதில் 80% தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மிச்சம் 20. அதில் 8 என்றால் 40%. உங்கள் மூட்டையை இதே போலக் கணக்கிட்டால் 20-ஐ 90-ஆல் வகுத்து 22%. ஈரம் கழிக்காமல் எந்த இரண்டு உணவையும் ஒப்பிட முடியாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

மூட்டையில் வாடிக்கையாளர் சேவை எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும், சட்டப்படி இருக்க வேண்டும். எழுதிக் கேளுங்கள்: "ஈரம் நீக்கிய கணக்கில் பாஸ்பரஸ் சராசரியாக எத்தனை சதவீதம்? சோடியம் எவ்வளவு? பாஸ்பேட் உப்பு சேர்க்கிறீர்களா?" மினிமம் வேண்டாம், சராசரி அளவு வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். பதில் தருகிற கம்பெனியும் உண்டு. பதிலே வராவிட்டால் அந்த மூட்டையை மறந்துவிடுங்கள். சாக்கைப் பிரித்து லூஸில் எடைபோட்டுத் தருவதை மணிக்கு வாங்கவே கூடாது. அதில் லேபிளும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை.

கிட்னி டயட்டை இன்னொரு முறை முயன்று பாருங்கள். முதல் நாளே கிண்ணம் முழுக்க வைத்தால் எந்த நாயும் முகத்தைத் திருப்பும். பழைய உணவில் கால் பங்கு கலந்து தொடங்கி, பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டால் வாசனை எழும். குமட்டல் இருந்தால் எதைக் கொடுத்தாலும் சாப்பிட மாட்டான். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறானா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. பட்டினி மட்டும் போடாதீர்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

இடையில் நாலைந்து நாளைக்கு வெள்ளைச் சாதமும் வேகவைத்த முட்டை வெள்ளையும், ஒரு ஸ்பூன் எண்ணெயும் போதும். முட்டை வெள்ளையில் புரோட்டீன் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சள் கருவில்தான் அதிகம். மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு என்றால் கண்ணளவில் செய்யக் கூடாது. கால்சியமும் வைட்டமின்களும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். உணவை மாற்றி நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். பாஸ்பரஸ் அப்போதும் இறங்கவில்லை என்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிற, பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்து தேவைப்படலாம். அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்களே, கால்சியம் எலும்பு, பால் சாதம் என்று. அந்த எலும்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் பாஸ்பேட்டோடு சேர்ந்துதான் வருகிறது. பாலிலும் பாஸ்பரஸ் உண்டு. மூட்டையை மாற்றுவது இருக்கட்டும், இந்த இரண்டையும் இன்று இரவே நிறுத்திவிடுங்கள்.