மகமைக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா உடன்குடிப் பக்கத்தில் பனையேறும் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே விருதுநகரில் ஒரு கமிஷன் கடைக்கு வேலைப் பையனாக அனுப்பப்பட்டு, பிறகு மதுரையில் தனியாக மளிகைக் கடை வைத்தார். அப்பா படித்து வங்கி அதிகாரியானார். நான் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். மகன் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய விடுதி அறைத்தோழன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். இவனைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் அதே துறையில் இடம் பெற்றவன். "நம் தாத்தா யாருடைய தயவும் இல்லாமல் உழைத்து முன்னேறினாரே, இவர்களால் ஏன் முடியாது?" என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒதுக்கீட்டைப் பொருளாதார அடிப்படைக்கு மாற்றினால் இந்தக் கசப்பு தீருமா? மேலேறும் வழிகள் இன்று அடைபட்டுவிட்டனவா? அவன் படிக்க ஏதேனும் நூலைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

ஒதுக்கீடு பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. உங்கள் கடிதம் வந்தபோது விருதுநகர் வணிகத்தைப் பற்றிய பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன் என்பதால்தான் எழுதுகிறேன். பொருளாதார அடிப்படை பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். 1979-இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமான வரம்பாக 9,000 ரூபாயை வைத்தார். மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்ற கையோடு அதை விலக்கிக்கொண்டு, அவர்களுக்கான ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். இந்த மாநிலத்துக்கு அந்த விவாதம் புதிதல்ல.

யாருடைய தயவும் இல்லாமல் தாத்தா முன்னேறினார் என்று உங்கள் மகன் சொல்வதை மன்னித்துவிடலாம், அவன் பிள்ளை. அதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பிய உங்களை மன்னிப்பதுதான் கடினமாக இருக்கிறது. உடன்குடியிலிருந்து ஒரு சிறுவன் விருதுநகருக்குத்தான் போக வேண்டும் என்று யாருக்குத் தெரிந்திருந்தது? எந்தக் கடைத் திண்ணையில் படுத்தான், யார் சோறு போட்டார்கள், பின்னாளில் தனிக்கடை வைத்தபோது முதல் சரக்கை யார் கடனுக்கு அனுப்பினார்கள்? வேலைப் பையனாகச் சேர்ந்தவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, நம்பிக்கை பிறந்ததும் முதலும் சரக்கும் கொடுத்துத் தனிக்கடை வைத்து அனுப்புவது அந்த வணிகர்களிடையே இருந்த வழக்கம். உங்கள் அப்பா இருந்தால் அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர்களின் காலம் முடிந்து பாதைகள் ஓரளவு அச்சமற்றவையான பிறகு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிய மாட்டு வண்டிகள் வடக்கே இராமநாதபுரம் பகுதிக்கு வரத் தொடங்கின. வழியில் சரக்கைக் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை உங்கள் சமூகத்தவரான நாடார் வணிகர்கள் அமைத்தார்கள். அவற்றைப் பராமரிப்பதற்காக, விற்ற சரக்கில் ஒரு பங்கை ஒவ்வொரு வணிகரும் பொதுவில் செலுத்தியதுதான் மகமை. அதை வசூலிக்கவும், வழக்கு தீர்க்கவும், சொல்பேச்சுக் கேளாதவரை ஒதுக்கிவைக்கவும் அதிகாரம் பெற்ற அமைப்பு உறவின்முறை. அந்தப் பணம் கிணறானது, கோயிலானது, பள்ளியானது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் சிறுவனாகப் படித்தது அந்தப் பள்ளியில்தான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக இருப்பதும் இதே பழக்கத்திலிருந்து வந்ததே.

என் அப்பா அந்தப் பகுதியில் ஒரு பருத்தி மண்டியில் கணக்கெழுதியவர். நாங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சரிபார்ப்பேன். சரக்கின் விலை, எடைக்கூலி, சாக்கு, தரகு என்று வரிசையாக வந்து, கடைசியில் மகமை என்று ஒரு சிறு தொகை நிற்கும். தரகில் காலணா குறைக்க ஒரு நாழிகை சண்டை போடும் வியாபாரி, அந்த வரியைப் பற்றி மட்டும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இந்தக் காசு எங்கே போகிறது என்று ஒரு நாள் கேட்டேன். "அது அவங்க பள்ளிக்கூடத்துக்குப் போகுதுடா. நமக்குச் சர்க்கார்தான்" என்றார் அப்பா. அவர் சொன்னபடியேதான் நடந்தது. அரசு விடுதியின் புழுங்கல் அரிசிச் சோற்றிலும் அரசு தந்த உதவித்தொகையிலும்தான் என் படிப்பு முடிந்தது. அவருடைய அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் இத்தனை காலமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உழைப்பு ஒருவரை மேலேற்றும் என்பது உண்மையானால், இந்த நாட்டில் முதலில் மேலேறியிருக்க வேண்டியவர் பனையேறிதான். விடியுமுன் அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முப்பது நாற்பது பனைகளைக் காலையிலும் மாலையிலும் நெஞ்சு உரச ஏறி, ஒவ்வொன்றின் உச்சியிலும் பாளையை மெல்லச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குபவர் அவர். அவர் மனைவி பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி முடிக்கும்போது உச்சிப்பொழுது கடந்திருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா அப்படித்தான் வாழ்ந்தார், வறுமையிலேயே செத்தார். அவர் பிள்ளைகளில் கடைக்கு அனுப்பப்பட்டவனின் குடும்பம் சென்னையில் இருக்கிறது; அனுப்பப்படாதவர்களின் குடும்பம் எங்கே என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வடக்கே வணிகராகிவிட்டவர்கள் தெற்கே பனையேறிக்கொண்டிருந்த சொந்தச் சாதியினரோடு கொள்வினை கொடுப்பினைக்கே தயங்கினார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

பணம் வந்ததும் மதிப்பு வந்துவிடவில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மீது தொடரப்பட்ட வழக்கு, அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. அத்தனைக்கும் பிறகு அவர்கள் நிமிர்ந்து நின்றதற்குக் காரணம், வழக்கு நடத்தவும் எரிந்த கடையைத் திரும்பக் கட்டவும் பொதுவில் ஒரு பெட்டி இருந்ததுதான்.

இப்போது அந்த அறைத்தோழனின் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். அவர் எந்த ஊரோ எனக்குத் தெரியாது. தஞ்சைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நெல்லாகக் கூலி வாங்கி, அதை அன்றைக்கே குத்திப் பொங்கித் தின்ற பண்ணையாள் எதை விற்று மகமை கொடுப்பார்? வண்டி கட்டிக்கொண்டு போக அவரிடம் சரக்கு ஏது, ஊரைவிட்டுப் போக அவரை விட்டது யார்? கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கமாகச் சேர்ந்ததற்கு 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தமக்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொள்ள வழியே இல்லாமல் அடிக்கப்பட்டவர்களுக்கு அரசு வைத்த பெட்டிதான் ஒதுக்கீடும் விடுதியும் உதவித்தொகையும். அதைத் தயவு என்று சொல்வதானால், விருதுநகர்க் கடைத் திண்ணையில் உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்ததற்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சமூகம் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மகன் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது சாதிச் சான்றிதழை இணைத்தானா, இல்லையா? இணைத்ததில் தவறே இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனின் மதிப்பெண்ணை எண்ண அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? பள்ளியில் கற்றிருக்க மாட்டான். சாப்பாட்டு மேசையில் நீங்கள் பேசியவற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரின் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த குழுவில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோருடன் ஒரு நாடாரும் இருந்தார். பையனின் சாதிக்கும் அவன் அறைத்தோழனின் சாதிக்கும் அந்தக் கதவு ஒரே நாளில்தான் திறந்தது என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

வழிகள் அடைபட்டுவிட்டனவா என்ற கேள்விக்கு ஒரு கடிதத்தில் விடை எழுத முடியாது. நூல் கேட்டிருந்தீர்கள்: தமிழ்நாட்டு நாடார்களைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதி 1969-இல் வெளிவந்த ஆய்வு ஆங்கிலத்தில் இருக்கிறது. அவனுக்கு முன்னால் நீங்கள் படியுங்கள். அதற்கும் முன்னால், உங்களிடம் கேட்ட கேள்வியை அந்த அறைத்தோழனிடமும் அவன் கேட்டுவிட்டானா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால், இந்த வார இறுதியிலேயே விடுதிக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே எங்காவது சாப்பிடப் போங்கள்.

அன்புடன்.