வடக்கே கடைசிப் பாடம், தெற்கே முதல் பாடம்: களரி பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து ‘அடிமுறை’ என்றுதான் சொல்வோம். இப்போது ‘தெக்கன் களரி’ என்கிறார்கள். யூடியூபில் களரி என்று தேடினால், எண்ணெய் பூசிக்கொண்டு தலைக்கு மேலே உதைக்கிற வித்தைதான் வருகிறது. எங்கள் ஆசான் அப்படி எதுவும் சொல்லித் தந்ததில்லை. இரண்டும் ஒன்றா, வேறா?
(தக்கலை வாசகர்)

நீங்கள் காணொலியில் பார்ப்பது வடக்கன் களரி. கண்ணூர், தலச்சேரி, வடகரை, கோழிக்கோடு வட்டாரத்துக் கலை அது. உங்களுடையது பழைய திருவிதாங்கூரின் தென்பகுதிக்கு உரியது. நெய்யாற்றின்கரைப் பக்கம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஒரே கலையாகத்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தபோது எல்லைக்கோடு கலைக்கு நடுவிலும் விழுந்தது. அந்தப் பக்கத்தில் தெக்கன் களரி, அடிதட என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அடிமுறை, வர்ம அடி. பெயரை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை.

வடக்கனுக்கும் தெக்கனுக்கும் உள்ள வேறுபாட்டை உதையின் உயரத்தில் தேடுவதைவிடப் பாட வரிசையில் தேடுங்கள். வடக்கே நான்கு படிகள். முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்புப் பயிற்சி. பிறகு கோல்தாரி: ஆளுயரப் பிரம்பான கெட்டுகாரி, மூன்று சாண் நீளமுள்ள முச்சாண், யானைத் தும்பிக்கைபோல வளைந்த ‘ஒற்ற’ ஆகியவை. மூன்றாவது அங்கத்தாரி: கட்டாரம் என்ற குத்துவாள், வாளும் பரிசை என்ற கேடயமும், குந்தம் என்ற ஈட்டி, வளையும் தகட்டு வாளான உறுமி. வெறுங்கை கடைசியில்தான். மர்மம் (அடிபட்டால் ஆபத்தான உடம்பின் இடம், தெற்கே வர்மம்) அறிந்து அடிக்கும் வித்தை அங்கேதான் முழுமையாக வரும். தெற்கே முதல் நாளே வெறுங்கை. ஒற்றைச்சுவட்டில் (சுவடு என்றால் கால் வைப்பு) நின்று, நான்கு திசையிலும் எதிராளி இருப்பதாக எண்ணி அடிக்கவும் தடுக்கவும் பழகுவார்கள். அதன் பிறகே இருவர் எதிரெதிர் நிற்பதும், கம்பைத் தொடுவதும்.

மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை. ஆயுதம் ஏந்துவதற்கு முன் உடம்பை ஆயுதத்துக்குத் தயாராக்க வேண்டும் என்பது வடக்கன் கணக்கு. அதனால்தான் எண்ணெய், உழிச்சில் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல்), நேர்கால், வீதுகால், அகம்கால், இருத்திக்கால் என்று கால் வீச்சுகள், யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என அந்தந்த உயிரினம்போல நிற்கும் எட்டு வடிவுகள், அவற்றைக் கோத்த மெய்ப்பயற்றுகள் என்ற அசைவுத் தொடர்கள். மெய்ப்பயற்றின் எண்ணிக்கை பரம்பரைக்குப் பரம்பரை மாறும். பத்திலிருந்து பதினெட்டு வரை சொல்வார்கள். குருக்கள் வாய்த்தாரி (வாய்மொழிக் கட்டளை) சொல்லச் சொல்ல மாணவர் வரிசையாகச் செய்வார்கள். தெற்கே உடம்பு அடியின் வழியாகவே பதப்படும். அசைவுகள் குறுகியவை. கையும் முழங்கையும் அதிகம் வேலை செய்யும், உதை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே நிற்கும், அடியின் வேகம் இடுப்புத் திருப்பத்தில் பிறக்கும். தொன்மக் கதையிலும் பிரிவு உண்டு: வடக்கே பரசுராமர், ஆயுர்வேதம், தெற்கே அகத்தியர், சித்த மருத்துவம். வடக்கே குருக்கள், தெற்கே ஆசான்.

‘வடக்கன் ஆட்டம், தெக்கன் அடி’ என்று தெற்கே கேலி செய்பவர்கள் உண்டு. இரண்டு வருடத்தோடு வடக்கன் களரியை விட்டு வந்தவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர் வெறுங்கையைக் கண்டே இருக்கமாட்டார்.

கோயம்புத்தூரில் டைல்ஸ் போட்ட கூடத்தில் வடக்கன் களரி கற்கிறோம். நிலத்தைத் தோண்டிய குழிதான் உண்மையான களரியா?
(கோயம்புத்தூர் வாசகி)

மரபான குழிக்களரி 42 அடி நீளம், 21 அடி அகலம். இதை ‘நாற்பத்தீரடி’ என்பார்கள். தரை மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை, நான்கு அடி ஆழம், மேலே கூரை, கிழக்கே வாசல். தென்மேற்கில், கன்னிமூலையில், ஏழு படிகள் கொண்ட வழிபாட்டு மேடையான பூத்தறை. நீளம் சும்மா வைத்ததல்ல. கால் வீச்சுகளை ஓரிடத்தில் நின்று செய்வதில்லை; ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடியெடுத்து வீசிக்கொண்டே போய்த் திரும்பி வருவார்கள். பத்தடி அறையில் மூன்று வீச்சில் சுவர் வந்துவிடும், மூச்சும் தாளமும் பிடிபடாது. குழியால் இன்னொரு பயன்: எண்ணெயும் வியர்வையும் ஊறிய உடம்பில் நேராகக் காற்று அடிக்காது.

மண் தரையின் வேலையை டைல்ஸ் செய்யாது. எண்ணெய் சொட்டினால் ஊன்றுகால் வழுக்கும். வழுக்குகிறதே என்று ரப்பர் பாய் விரித்தால் வேறு சிக்கல்: உடம்பு திரும்பும், பாதம் பாயைப் பிடித்துக்கொண்டு திரும்பாது, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். டைல்ஸில் எண்ணெயில்லாமல், வெறுங்காலில், காய்ந்த துணியால் அடிக்கடி துடைத்துப் பயிலுங்கள். தாவல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், குதிகாலும் முன்கால் எலும்பும் நோகாது. சொரசொரப்பான சிமெண்டுத் தரை கிடைத்தால் டைல்ஸைவிட நல்லது.

தெக்கனுக்கு இந்தக் கவலை கிடையாது. தென்னந்தோப்பு, முற்றம், ஓலை மறைப்பு, எங்கே சமதரையோ அங்கே சுவடு வைக்கலாம்.

இரண்டு மாதமாக வடக்கன் பயில்கிறேன். யானை வடிவிலும் குதிரை வடிவிலும் நின்றால் முழங்கால் வலிக்கிறது. ‘பழகப் பழகச் சரியாகும்’ என்கிறார்கள். உண்மையா?
(சேலம் வாசகர்)

தொடைச் சதை எரிந்தால் பழகப் பழகச் சரியாகும். மூட்டுக்குள் குத்தினால் சரியாகாது. நிற்கும் முறையில் பிழை.

யானை வடிவில் இரண்டு பாதங்களும் சுமார் இரண்டடி இடைவெளியில், முழங்கால்கள் பாதம் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும். களைப்பு வந்ததும் முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதுதான் முதல் பிழை. இரண்டாவது, இடுப்பு இறங்காமல் முதுகு கூனுவது. கீழே இறங்கியதுபோல் இருக்கும், ஆனால் எடை முழுவதும் முன்பாதத்துக்கும் முழங்காலுக்கும் போயிருக்கும். குதிகாலைத் தரையோடு ஒட்டி, நடுமுதுகை உள்வாங்கி நிற்க முடிகிற உயரம் எதுவோ அதுதான் இன்றைய உங்கள் உயரம். அடுத்த மாதம் ஒரு விரற்கடை இறங்கினால் போதும். பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையனோடு போட்டி வேண்டாம்.

குதிரை வடிவில் முன்கால் முழங்கால், கால்விரல் நுனியைத் தாண்டினால் நிறுத்துங்கள். பின்காலை இன்னும் பின்னே நகர்த்தினால் தானே சரியாகும். பின்குதிகால் மேலே எழும்புகிறது என்றால் கெண்டைக்கால் இன்னும் நீளவில்லை என்று பொருள். அதற்கு மருந்து நேர்கால் வீச்சுதான். அதிலும் ஒரு திருட்டு நடக்கும். உயர்த்திய கையைக் கால் தொட வேண்டும் என்பதற்காக ஊன்றுகாலை மடக்கி, தலையைக் குனிந்து, காலுக்குப் பாதி வழி உடம்பை இறக்குவார்கள். கை தொட்டுவிடும், ஆனால் தொடையின் பின்தசை துளியும் நீளாது. ஊன்றுகாலும் முதுகும் நிமிர்ந்திருந்து, கால் நெஞ்சு வரைதான் எழுகிறது என்றால், அந்த நெஞ்சு உயரமே நேர்மையான உயரம்.

பயிற்சிக்குப் பின்னும் ஒரு வாரத்துக்கு மேல் வீக்கமோ, படியிறங்கும்போது வலியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உழிச்சில் செய்து பார்ப்போம் என்று உடனே இறங்க வேண்டாம். கயிற்றைப் பிடித்துக் காலால் மிதித்துத் தேய்க்கும் உழிச்சில், மழைக்காலமான கர்க்கடக மாதத்தில் (நம் ஆடிக்கு இணையானது) 7, 14 அல்லது 21 நாள் செய்வது. செய்த நாள் அளவுக்கே பத்தியமாக ஓய்வும் இருக்க வேண்டும். அந்த ஓய்வை வெட்டிவிட்டு மறுநாளே உதைக்கப் போகிறவர்களுக்குத்தான் தசை பிடிக்கிறது.

வர்மம் 108 என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் 107. களரியில் 64 என்றும் கேள்விப்பட்டேன். எது சரி?
(திண்டுக்கல் வாசகர்)

மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு கணக்கு. சுசுருத சம்ஹிதையின் 107 மர்மங்கள் அறுவை மருத்துவர் பார்வையில் எண்ணப்பட்டவை. அடிபட்டால் என்ன ஆகும் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: உடனே உயிர் போக்குபவை 19, நாள்பட உயிர் போக்குபவை 33, தைத்த பொருளை உருவினால் உயிர் போக்குபவை 3, ஊனமாக்குபவை 44, வலி தருபவை 8. வடக்கன் களரிக்காரர்கள் சிகிச்சைக்கு இந்த 107ஐ எடுத்துக்கொண்டு, அடிக்கவும் தடுக்கவும் ‘குலாப்யாச மர்மம்’ என்று 64ஐத் தனியே வைத்திருக்கிறார்கள்.

தெற்கே 108. அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96. உடம்பில் இருக்கும் இடத்தை வைத்தும் எண்ணுவார்கள்: தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் கொப்பூழ் வரை 45, அதற்குக் கீழே மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15. ஏடுகள் தமிழில் இருப்பதால் பெயர்களும் வேறு. புருவ மையத்தைச் சுசுருதர் ‘ஸ்தபனி’ என்பார், வர்ம ஏடு ‘திலர்த காலம்’ என்று சொல்லும். இடம் ஒன்றே.

தெற்கே அடியும், அடிபட்டவரை மீட்கும் இளக்கு முறையும் ஒரே ஆசானிடம் இருக்கும். அடங்கல் (மீட்கத் தூண்டும் இடங்கள்) தெரியாதவருக்கு அடி சொல்லித் தருவதில்லை என்பது பழைய ஒழுங்கு. புத்தகப் படத்தைப் பார்த்து நண்பன் கழுத்தில் விரல் வைத்து ‘சோதனை’ செய்வது முட்டாள்தனம். கழுத்துப் பக்கத்தில் ஓடும் தமனியை அழுத்தினாலே ஆள் மயங்கி விழலாம். அதற்கு வர்மம் கற்றிருக்கவே வேண்டாம்.

மத்திய களரி என்று ஒன்று உண்டா?
(பொள்ளாச்சி வாசகர்)

உண்டு. திருச்சூர், பாலக்காடு, மலப்புறம் பக்கம். தரையில் கோடு கிழித்த களங்களின்மேல் காலடி வைத்துப் பழகுவது அதன் தனி அடையாளம். அடி எங்கே விழ வேண்டும் என்பதைத் தரையே காட்டிக்கொடுக்கும். வடக்கனும் தெக்கனும் கலந்த கலவை என்று சுருக்கிவிடுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன களரிதானே குங்ஃபூ?
(காஞ்சிபுரம் வாசகர்)

ஆதாரம் இல்லை. போதிதர்மரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு கழித்து. இன்று நாம் பார்க்கும் களரியின் பாட வரிசையை அவ்வளவு பின்னுக்குத் தள்ளவும் சான்று கிடையாது.

தெக்கன் மூன்று வருடம் கற்றேன். வேலை மாற்றலாகிக் கோழிக்கோடு போகிறேன். அங்கே வடக்கனில் சேரலாமா? முதலிலிருந்தா தொடங்க வேண்டும்?
(மார்த்தாண்டம் வாசகர்)

சேருங்கள், ஆனால் முதலிலிருந்துதான். கம்பு தெரியும் என்று சொல்லிக் கோல்தாரியில் நுழையப் பார்க்காதீர்கள். கெட்டுகாரி அடிகள் மெய்த்தாரியில் பழகிய தாழ்ந்த நிலையிலிருந்து பிறப்பவை. நீங்கள் நிமிர்ந்து நின்று சுழற்றினால் எதிரில் வருபவரின் கீழ் அடி உங்கள் கணுக்காலில் விழும்.

உங்களிடம் வரப்போகும் பிழைகளை முன்கூட்டியே சொல்லலாம். அடி குறுகியிருக்கும், வடக்கன் சுவடு அதைவிட நீளம். பழக்கத்தில் கை மார்புக்கு முன்னால் காவலுக்கு எழும். மெய்ப்பயற்றில் கை வடிவுக்குப் போக வேண்டிய இடத்துக்கே போக வேண்டும். ஒவ்வொரு அசைவின் முடிவிலும் அடித்து நிறுத்துவீர்கள். அங்கே ஒரு வடிவு அடுத்ததற்குள் ஓட வேண்டும், நிறுத்தினால் வாய்த்தாரி உங்களை விட்டுவிட்டு முன்னே போய்விடும். தோளும் ஏறியிருக்கும், அதை இறக்கவே சில மாதம் ஆகும்.

சுற்றுவாள் ஏற்கெனவே வீசியிருந்தால் அங்கே உறுமி உங்களுக்குச் சுலபம். விதி இரண்டிலும் ஒன்றே: சுழலும் தகட்டை நடுவில் நிறுத்தினால் அது உங்கள் மேலேயே திரும்பும், நிறுத்த வேண்டுமென்றால் வட்டத்தைப் பெரிதாக்கித் தாழ்த்தித் தரையில் ஓயவிட வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஆசானிடம் சுவடு வைக்கையில் மட்டும் கவனம். கோழிக்கோட்டுத் தாழ்வை அங்கே கொண்டுவந்தால் பின்வாங்கும் அடி அரை நொடி தாமதமாகும், அந்த அரை நொடியில் விலாவில் ஒன்று விழுந்திருக்கும்.