ஆறு நாளில் கேரளா: குறுக்கே போனால் முடியும்

கேள்வி: டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஆறு நாள் கேரளா போகலாம் என்றிருக்கிறோம். திருச்சியிலிருந்து சொந்தக் காரில் கிளம்புகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், மாமனார், மாமியார். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. வயநாடு, கோழிக்கோடு, மூணாறு, ஆலப்புழை படகு வீடு, வர்க்கலை, திருவனந்தபுரம் எல்லாவற்றையும் பார்க்க ஆசை. எந்த வரிசையில் போனால் சரியாக இருக்கும்?

பதில்: எந்த வரிசையில் போனாலும் சரியாக இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஊர்களை எல்லாம் தொட்டு வரலாம்தான். ஆனால் ஆறு நாளில் நாலு நாள் காரின் ஜன்னல் வழியாகத்தான் கேரளாவைப் பார்ப்பீர்கள். மாமனாரின் முழங்காலும் அதற்கு ஒத்துழைக்காது.

வரைபடத்தைப் பார்த்தால் கேரளா சின்ன மாநிலமாகத் தெரியும். கடற்கரை மட்டும் சுமார் 590 கி.மீ. அகலமோ, மிக அகன்ற இடத்திலேயே 120 கி.மீ. அளவுதான். அந்த நீளத்தைக் கடப்பதுதான் சிரமம். காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் போக வந்தே பாரத் ரயிலுக்கே சுமார் எட்டு மணி நேரம் ஆகிறது. காரில் போனால் இன்னும் மோசம். நம் ஊர்ப் பக்கம் ஒரு ஊர் முடிந்தால் கொஞ்ச தூரம் வயல் வெளி வரும், வண்டி வேகம் பிடிக்கும். கேரளக் கடலோரத்தில் வீடு, கடை, பள்ளி, தேவாலயம், மறுபடி வீடு என்று ஊர் முடிவதே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழியாக அகலப்படுத்தும் வேலையும் சேர்ந்துகொண்டால், கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் குறுக்கே போகிறவர்களுக்கு இதே கேரளா தாராளமாகக் கிடைக்கும். கிழக்கே மலைநாடு, நடுவில் மேடும் பள்ளமுமாக இடநாடு, மேற்கே காயலும் கடலும். அங்குள்ள 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கித்தான் ஓடுகின்றன. மிளகும் ஏலமும் துறைமுகத்துக்கு இறங்கியதும் அந்தத் திசையில்தான். அதனால் ஏதாவது ஒரு கணவாய் வழியாக உள்ளே போய், மலையிலிருந்து கடல் வரை இறங்கி, பக்கத்திலேயே இன்னொரு வழியாக வெளியே வருவதுதான் என் யோசனை. ஒரே பயணத்தில் மலை, அணை, காடு, காயல், கடல் எல்லாம் வந்துவிடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, நம் வாசல்கள் பெரும்பாலும் மலைப் பக்கம்தான் இருக்கின்றன.

அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் மூன்று தனித்தனிப் பயணங்கள் இருக்கின்றன.

முதலில் வடக்கு. வயநாடு, கோழிக்கோடு, கண்ணூர். இதை இந்த முறை விட்டுவிடுங்கள். திருச்சியிலிருந்து தூரம் அதிகம் என்பது ஒரு காரணம். வயநாட்டில் பெயர்பெற்ற எடக்கல் குகைக்குக் கணிசமான ஏற்றம் ஏற வேண்டும் என்பது இன்னொன்று. கற்காலச் செதுக்கல்களும் தமிழ்-பிராமி எழுத்துகளும் உள்ள இடம் அது, ஆனால் மாமனார் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டி வரும். ஊட்டி வழியாகப் போவதாக இருந்தால் நீலகிரிக்கான இ-பாஸும் எடுக்க வேண்டும். மூன்றாவது காரணம்தான் முக்கியம். வடக்கின் உயிர் கண்ணூர், காசர்கோடு பக்கத்துத் தெய்யம் என்கிற சாமியாட்டம். அக்டோபர் கடைசியில் தொடங்கி மே வரை நடக்கும். எந்தக் காவில் (சிறு கோயிலில்) எந்த இரவு என்று விசாரித்துப் போய், விடிய விடிய உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம் அது. அவசரமாகப் போகிறவர்களுக்குப் பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலில் அன்றாடம் நடப்பது கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு பயணம் வையுங்கள். திருச்சி வழியாகவே மங்களூர் எக்ஸ்பிரஸ் போகிறது. கார் வேண்டாம், கோழிக்கோட்டில் இறங்கி மிட்டாய்த் தெருவில் அல்வா, தலச்சேரியில் பிரியாணி என்று ரயிலிலேயே மேலே போகலாம்.

அடுத்து நடுப்பகுதி. போடிமெட்டு வழியாக மூணாறு ஏறி, கொச்சிக்கு இறங்கி, ஆலப்புழையில் ஒரு இரவு, குமுளி வழியாகக் கம்பம். எல்லாரும் போகும் பாதை, நல்ல பாதையும்கூட. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மூணாறு ஊருக்குள் கார் நகராது. தேநீர்த் தோட்டத்தைவிட முன்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட்தான் மனப்பாடம் ஆகும். போதாக்குறைக்குக் குமுளி பக்கம் சபரிமலைக் கூட்டம். டிசம்பர் 26 அல்லது 27-இல் மண்டல பூஜை முடிந்து நடை சாத்துவார்கள், 30-ஆம் தேதி வாக்கில் மகரவிளக்குக்காகத் திறப்பார்கள். இடையில் ரெண்டு மூன்று நாள் சாலை கொஞ்சம் மூச்சு விடும். எந்த வழியாகப் போனாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதைக்கு ஜனவரி இரண்டாம் பாதி அருமையான நேரம். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்விட வேண்டும். குறிஞ்சி பார்க்கத்தான் மூணாறு என்றால் 2030 வரை காத்திருங்கள். போனமுறை மலையெல்லாம் பூத்தது 2018-இல். இன்னொன்று, மூணாறு போனவர்கள் சிலாகிக்கும் டாப் ஸ்டேஷனும் கொழுக்குமலையும் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. போக மட்டும் கேரளா வழியாகப் போக வேண்டும்!

ஆலப்புழை படகு வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்றைக்காவது போவீர்கள். ராத்திரி முழுக்கப் படகு மிதந்துகொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மதியம் ஏறினால் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குள் கரையில் கட்டிவிடுவார்கள், அப்புறம் மீனவர்கள் வலை போடும் நேரம். பல படகுகளில் ஏசி ராத்திரி மட்டும்தான் ஓடும். பணம் கட்டும் முன்பு இதைக் கேட்டுவிடுங்கள். பயணம்தான் முக்கியம் என்றால் பகல் சவாரியே போதும். அதைவிட மலிவாக ஒரு வழி இருக்கிறது. ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு கோட்டயம் வரை போகிறது. சுமார் இரண்டரை மணி நேரம், பஸ் கட்டணம் போலத்தான் டிக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பெண்களும் வீட்டு வாசல் துறைகளில் ஏறி இறங்குவார்கள். கரைக்கு அந்தப் பக்கம் வயல் தண்ணீர் மட்டத்தைவிடக் கீழே இருப்பது படகிலிருந்தே தெரியும். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற குட்டநாடு அது. டிசம்பரில் அங்கே ‘புஞ்ச’ என்கிற நெல் போகத்தின் விதைப்புக் காலம், தண்ணீரை இறைத்து ஆற்றில் தள்ள ‘பெட்டியும் பறையும்’ என்கிற பழைய மரப் பம்பு இன்னும் சில வயல்களில் ஓடுகிறது.

சரி, உங்களுக்கு என்ன? தெற்குதான். செங்கோட்டை வழியாக உள்ளே, நாகர்கோவில் வழியாக வெளியே. உங்கள் பட்டியலில் வர்க்கலையும் திருவனந்தபுரமும் இதில் வந்துவிடும், காயலும் உண்டு, மலையும் உண்டு.

முதல் நாள் தென்காசியோ குற்றாலமோ வரை போதும். அருவியில் குளிக்க விட்டால் மகளுக்குக் கொண்டாட்டம். வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரண்டாம் நாள் காலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்குங்கள். இங்கிருந்து உங்களுக்கு வழிகாட்டி கல்லடை ஆறு. தென்மலையில் அதன் குறுக்கே அணை இருக்கிறது. அதற்கு முன்பே கழுதுருட்டியில் சாலை ஓரமாகப் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-இல் கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை முழுதாகத் திறந்த காலத்துக் கருங்கல் பாலம், 2018-இல் அகலப்பாதையான பிறகும் அதே தூண்கள் மேல்தான் ரயில் ஓடுகிறது. காரை ஓரங்கட்டி, மாமனார் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். முடிந்தால் பகலில் அந்த வழியே போகும் ரயிலின் நேரம் பார்த்து, கணவர் காரில் வர, மகளும் மற்றவர்களும் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ரயிலில் வரட்டும். குகைக்குள் போவதும் வெளியே வருவதுமாக எட்டு வயசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாலருவிக்குப் போக ஆசை வரும். வனத்துறை வண்டியில் போய் இறங்கியும் நடக்க வேண்டும், மாமனாருக்கு அது வேண்டாம்.

புனலூரில் அதே ஆற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்கு பாலம். இப்போது வண்டிகளுக்கு அனுமதி இல்லை, சமதளம், மெதுவாக நடந்துவிட்டு வரலாம். அங்கிருந்து கொல்லம் பக்கம் போனால் அதே கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் மன்றோ துருத்து. திருவிதாங்கூரில் ஆங்கிலேயர்களின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கர்னல் மன்றோவின் பெயரில் உள்ள தீவுக் கூட்டம். என்னைக் கேட்டால் படகு வீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இங்கே ஒரு ஹோம்ஸ்டேயில் செலவழிக்கலாம். விடியற்காலை ஆறு, ஆறரைக்கு வள்ளத்தில் ஏறுங்கள். மோட்டார் கிடையாது, கழிதான். வாய்க்கால் ஒரு வள்ளம் நுழையும் அகலம்தான் இருக்கும், குறுக்கே உள்ள சின்னப் பாலங்களின் கீழ் போகும்போது படகுக்காரர் சொல்வார், எல்லாரும் தலையைக் குனிய வேண்டும். கரையில் தேங்காய் மட்டை ஊறப்போட்டிருக்கும் வாசனை வரும். சில வீடுகளின் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புக் கறை தெரியும். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. மேலே அணை கட்டிய பிறகு வண்டல் வருவது குறைந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். முந்தின நாள் நீங்கள் பார்த்த அதே அணைதான்.

வள்ளம் தாழ்வாக இருக்கும். ஏறி இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டும், உள்ளே நாற்காலி போடச் சொல்லுங்கள், போடுவார்கள். படகு வீடே வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால் அஷ்டமுடியிலும் உண்டு, ஆலப்புழை அளவுக்கு நெரிசல் கிடையாது. கீழ்த்தள அறையாகக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானமே வர்க்கலைக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். கடலை ஒட்டிச் செம்பாறைக் குன்று செங்குத்தாக நிற்கும். குன்றின் மேல் இருக்கும் விடுதிகளிலிருந்து கடற்கரைக்குப் படிக்கட்டு, அதுவும் செங்குத்து. அதனால் ஜனார்த்தன சுவாமி கோயில் பக்கத்தில், பாபநாசம் கடற்கரைக்குச் சாலை இறங்கும் இடத்துக்கு அருகே அறை எடுங்கள். ஆன்லைனில் ‘கிளிஃப் வியூ’ என்ற வார்த்தையைப் பார்த்து மயங்காதீர்கள். கடலில் இழுப்பு உண்டு, சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் தண்ணீரோடு சரி.

ஐந்தாம் நாள் திருவனந்தபுரம். பத்மநாப சுவாமி கோயிலுக்கு ஆண்கள் வேட்டி மட்டும், மேல் சட்டை கிடையாது. பெண்கள் சேலை கட்டிக்கொண்டால் பேச்சே இல்லை. விடுமுறையில் வரிசை நீளம், அதிகாலையில் போய்விடுங்கள். கோவளத்தை, வர்க்கலையில் இரண்டு நாள் இருந்த பிறகு, விட்டாலும் நஷ்டமில்லை.

ஆறாம் நாள் காலையில் கிளம்பி, வழியில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம். பலாமரத் தூண்கள், செதுக்கிய கூரை, முகம் தெரியும் கருப்புத் தரை என்று மரவேலையில் அதற்கு இணை எனக்குத் தெரிந்து தெற்கில் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆகவே ஆறாம் நாள் திங்களாக வராதபடி கிளம்பும் நாளை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மரப்படிகள் குறுகலும் செங்குத்தும், மாமனார் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பதினொன்றரைக்குள் வெளியே வந்தால் நான்கு வழிச்சாலையில் திருநெல்வேலி, மதுரை வழியாக ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திருச்சி.

சில்லறை விஷயங்கள். சொந்தக் காருக்கு எல்லையில் பெர்மிட் தேவையில்லை. வாடகை வண்டியானால் உண்டு, அந்தப் பணம் யார் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சீட் பெல்ட்டுக்கும் வேகத்துக்கும் கேமரா இருக்கிறது, அபராதம் வீட்டுக்கே வரும். ஓட்டலில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தால் மகள் முகம் சுளிப்பாள். பதிமுகம் என்ற மரச்சிராய் போட்டுக் காய்ச்சியது, தாராளமாகக் குடிக்கலாம். சிவப்பான மட்டை அரிசிச் சோறு மாமியாருக்கு ஒத்துவராவிட்டால் வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். வர்க்கலை அறையை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே கடைசி நேரத்தில் கிடைப்பது குன்றின் மேல் மூன்றாம் மாடி அறையாகத்தான் இருக்கும்.