தியானம், ஜபம் என்று ஆரம்பித்ததும் கூட இருப்பவர்கள் ஏன் கடுப்பாகிறார்கள்?

"கொஞ்ச நாளாகத் தியானம், ஜபம், படிப்பு என்று என்னை மாற்றிக்கொள்ள முயற்சி செய்கிறேன், யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை, ஆனாலும் வீட்டிலும் நண்பர்களிடமும் நக்கலும் எரிச்சலும்தான் மிச்சம், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை' என்கிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே வாக்கியத்தை மூன்று வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

நான் ஆரம்பித்த புதிதில் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் உட்காருவேன். எங்கள் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். ஒருநாள் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும், பக்கத்து அறையில் அழுகை. எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் நான் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறேனே! சத்தம் வரும், போகும், நீ சாட்சியாக இரு என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு அசையாமல் இருந்தேன். மனைவி எழுந்துபோய்த் தூக்கினாள், அழுகை நின்றது, அன்றைக்குத் தியானம் நன்றாகவே கைகூடியது என்று எனக்கு ஒரு திருப்தி. கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "சாட்சியா இருந்தது போதும், கொஞ்சம் அப்பாவாவும் இருங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் சேர்த்து வைத்த அமைதி ஒரே நொடியில் போன இடம் தெரியவில்லை. அன்று முழுக்க, இவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன், அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அது பொறாமையே இல்லை, வெறும் கணக்கு. நான் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரம் அவளுடைய தூக்கத்திலிருந்து கழிந்துகொண்டிருந்தது, அதுவும் அவளைக் கேட்காமலே. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலைக் குழந்தை என் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொண்டோம். எரிச்சலில் பாதி அத்தோடு போய்விட்டது. அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் உட்காரும் நேரத்தில் உங்கள் வேலையை யார் செய்கிறார்கள்?

சரி, நண்பர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. மதியம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இல்லாத ஐந்தாவது ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. அதை விடுவதென்று முடிவு செய்தேன். யாரிடமும் அறிவிக்கவில்லை, யாரையும் திருத்தவில்லை, சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். பத்து நாளில் ஒருவன் வெடித்தான். "நீ ஒண்ணும் சொல்லல, சரி. ஆனா உன் மூஞ்சியப் பார்த்தா பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் நிக்கிற மாதிரியே இருக்குடா."

இது ஏன் நடக்கிறது என்பதற்கு ஓரளவு ஆராய்ச்சியே இருக்கிறது. 2012-இல் ஜூலியா மின்சன், பெனுவா மோனின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களிடம் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களைப் பற்றி மனதில் தோன்றும் சொற்களைக் கேட்டபோது கிட்டத்தட்ட பாதிப்பேர் ஏதாவது ஒரு மட்டமான சொல்லையாவது சொன்னார்களாம். சைவர்கள் தங்களை ஒழுக்கத்தில் குறைவாக எடைபோடுவார்கள் என்று யார் அதிகம் எதிர்பார்த்தார்களோ, அவர்கள்தான் அதிகம் மட்டம் தட்டினார்கள். எதிரே ஒரு சைவர் வந்து உபதேசம் செய்யவேண்டிய அவசியமே இல்லை, செய்வார் என்ற நினைப்பே போதும். உங்கள் விஷயத்திலும் இதுதான். நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு, 'அப்போ நான் செய்வதெல்லாம் தப்பா?' என்று கேட்கிறது. நீங்கள் கேட்காத கேள்விக்கு அவர் கோபமாகப் பதில் சொல்கிறார்.

இது இந்தக் காலத்து வியாதியும் இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், முதல் பாதத்தின் 33-வது சூத்திரம், மனம் தெளிய நாலு வழி சொல்கிறது: சுகமாக இருப்பவனிடம் நட்பு, துக்கத்தில் இருப்பவனிடம் கருணை, புண்ணியம் செய்கிறவனிடம் மகிழ்ச்சி, பாவம் செய்கிறவனிடம் கண்டுகொள்ளாமை. மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்லது செய்கிறவனைப் பார்த்துச் சந்தோஷப்படு என்பதை ஒரு பயிற்சியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தானாக வருவது சந்தோஷம் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

என் முகம் சூப்பர்வைசர் மாதிரி இருந்தது என்று அவன் சொன்னது பொய்யும் இல்லை. பேசாமல் இருந்தேனே தவிர உள்ளே மார்க் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். புதிதாக ஒன்றை விட்டவனுக்கு, அதை விடாதவனைப் பார்த்து ஒரு இளப்பம் வரும், மறைத்தாலும் அது கசியும். (சிகரெட்டை விட்டு ஒரு மாதம் ஆனவரோடு பழகியிருந்தால் தெரியும்.)

ரமணர் வீட்டைவிட்டுப் போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1896 ஆகஸ்ட் 29, வயது 16. இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்குப் படிப்பு, வீடெல்லாம் எதற்கு என்கிற மாதிரி ஒரு குத்தல் விட்டார். இதைச் சொல்கிறவர்கள் அண்ணனை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த நொடி. அவர் சண்டை போடவில்லை, தன்னை விளக்கவில்லை. அண்ணன் சொல்வது சரிதானே என்று நினைத்தார். குத்தலுக்குள் இருந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டார். போகிறபோது அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கான பணத்தில் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டது போக மீதி இரண்டு ரூபாயையும், உன் கட்டணம் இன்னும் கட்டவில்லை என்று ஒரு குறிப்பையும் வைத்துவிட்டுத்தான் போனார். நாம் யாரும் வீட்டைவிட்டு ஓடப்போவதில்லை, அது வேறு. ஆனால் நக்கல் வந்தால் இதில் எவ்வளவு நிஜம் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நம்மாலும் முடியும்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில குழுக்களில், 'எதிர்ப்பு வந்தால் நீ சரியான பாதையில் போகிறாய் என்று அர்த்தம்' என்பார்கள். கேட்க இதமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதை நம்பத் தொடங்கினால் மனைவி சொல்வது, அம்மா சொல்வது, நண்பன் சொல்வது எதுவுமே காதில் ஏறாது, திட்டத் திட்ட நமக்குப் பெருமைதான் கூடும். வீட்டு ஆட்களெல்லாம் அஞ்ஞானிகள், அவர்களை விட்டு விலகு என்று எந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அதற்காக எல்லா எரிச்சலுக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பழைய நீங்கள் அவர்களுக்கு வேண்டும், சேர்ந்து கெட்டுப்போக ஒரு துணை வேண்டும், அது போய்விட்டதே என்ற ஏக்கம் நக்கலாக வெளியே வரும். அதை விளக்கம் சொல்லித் தீர்க்க முடியாது, நான் முயன்று பார்த்து நாலு பேரை இன்னும் கடுப்பேற்றியதுதான் மிச்சம். கேட்காதவர்களிடம் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள், ஸ்டேட்டஸில் தத்துவம் போடுவதையும்தான். அவர்களோடு சேர்ந்து செய்ய வேறு ஏதாவது, நடப்பதோ விளையாடுவதோ, கண்டுபிடியுங்கள். ஆனால் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக உட்காருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அப்படி விட்டால் நாலு மாதத்தில் அந்தக் கடுப்பு உங்களுக்கு அவர்கள்மேல் திரும்பும். நக்கலைத் தாண்டி மிரட்டல், கைவைப்பது, வெளியே போகவிடாமல் தடுப்பது என்று போனால் அது ஆன்மிகப் பிரச்சினையே இல்லை, அதைப் பொறுமையாகத் தாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை, நம்பகமான ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

அந்த நண்பன் இன்னும் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறான். முதலில் உள்ளே சுருக்கென்று இருக்கும். இப்போது கூப்பிட்டால் "சொல்லுடா பக்தா" என்கிறேன், அவனும் சிரித்துவிட்டு இல்லாத அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி ஆரம்பிக்கிறான், சில நாள் நானும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.