காட்பாடிக்கு வர நினைக்கும் மகளும் எம்.பி.ஏ. படிக்கச் சொல்லும் உறவினரும்

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் ஒரு தந்தை கடிதத்தில் எழுதிய கவலை இது. மகளுக்கு 26 வயது. பெங்களூரு கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மதியம் 1 மணி முதல் இரவு 10 வரை ஷிப்ட், வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸுக்குப் போகவேண்டும். அங்கே தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியைக் காலி செய்துவிட்டுக் காட்பாடியில் வீடெடுத்துத் தங்குகிறேன் என்கிறார். பெரியப்பாவும் தாய்மாமாவும் விடவில்லை. "திரும்பி வந்தா வேலை போயிடுச்சுன்னுதான் ஊர்ல பேசுவாங்க, வரனும் தட்டிப்போகும்" என்பது அவர்கள் வாதம். அங்கேயே இருந்து, 12 லட்சம் கடன் வாங்கி, வார இறுதி எம்.பி.ஏ. படிக்கட்டும் என்பது அவர்கள் யோசனை.

ஐயா, உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் அந்த எம்.பி.ஏ. வேண்டாம். 12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 20,550 ரூபாய். கடைசியில் கட்டி முடிப்பது 17 லட்சத்துக்கு மேல். 33 வயது வரை மாதா மாதம் இந்தத் தொகை போகும். பெரியப்பா அதில் ஒரு தவணையும் கட்டப்போவதில்லை. உங்கள் மகளுக்கு டீம் மேனேஜர் ஆகும் ஆசை இல்லை, புரோகிராம் எழுதித் தானாகச் சோதிக்க வைக்கும் ஆட்டோமேஷன் டெஸ்டிங் பக்கம்தான் நாட்டம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேண்டியது பைத்தானோ ஜாவாவோ ஒரு மொழியில் நல்ல பிடிப்பு, செலினியம், பிளேரைட் போன்ற கருவிகளில் கைப்பழக்கம், தானே எழுதிய டெஸ்ட்களை கிட்ஹப் இணையதளத்தில் போட்டுக் காட்டுவது. கருவிகள் இலவசம். செலவாவது நேரம்தான். காலை முழுக்க ஓய்வாக இருப்பவருக்கு அது இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தால் அதுவும் போய்விடும்.

ஆக, முடிவு செய்யவேண்டியது படிப்பைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி. காட்பாடி வேலூரின் ஒரு பகுதிதான். வேலூர் என்றதும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் ஊர், வெயில் ஊர், தண்ணீர் இல்லாத ஆறு என்று ஆரம்பித்துவிடுவார்கள். வெயில் உண்மைதான், அதற்கு வருகிறேன்.

முதலில் காகிதம். வீட்டிலிருந்து வேலை என்று மேனேஜர் வாயால் சொன்னது போதாது. வேலை செய்யும் இடம் வேலூர் மாவட்டம் என்று ஹெச்.ஆர். மெயிலில் வரவேண்டும். ஊர் மாறினால் சம்பளம் குறையுமா, ஆபீஸுக்குத் திரும்ப அழைத்தால் எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் வாங்குங்கள். இது கைக்கு வராமல் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அழைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, பெங்களூரில் மூன்று மாதம் தங்க ஆகும் செலவைத் தனி டெபாசிட்டில் போட்டு வைத்தால் போதும்.

அடுத்து, "காட்பாடி எதற்கு, குடியாத்தத்தில் நம் வீடே இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பேன். வீட்டில் இருக்கும் பெண்ணை வேலையில் இருப்பதாக நம் வீடுகளில் யாரும் எண்ணுவதில்லை. மதியம் 2 மணிக்கு விருந்தாளி வந்தால் காபி போடச் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க அத்தையோடு கிளம்பச் சொல்வார்கள். ஆபீஸ் போன் காலின் நடுவில் எழுந்து போகும் ஊழியருக்கு அடுத்த அப்ரைசலில் அது தெரியும். குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் ரயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும்.

காட்பாடியின் பெரிய பலம் ஜங்ஷன். சென்னை–பெங்களூரு பாதையில் ஓடும் பிருந்தாவன், லால்பாக், சதாப்தி, மைசூரு வந்தே பாரத் எல்லாம் இங்கே நிற்கின்றன. ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பி வரவேண்டாம். கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தால் ஸ்டேஷனை ஒட்டியே பர்ப்பிள் லைன் மெட்ரோ. முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. ஆபீஸ் நாட்களை மேனேஜரிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்குவது அதனால்தான். காட்பாடியிலிருந்து டிக்கெட் காட்டாவிட்டால் சென்னையிலிருந்து எடுத்து, ஏறும் இடத்தைக் காட்பாடி என்று மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி தங்கல், ஒரு போக்குவரத்து. வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம் விமான நிலையத்தை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

ஏரியா விஷயத்தில் ஜங்ஷன் இருக்கும் காட்பாடிப் பக்கமே பாருங்கள். காந்தி நகர் வசதி, ஆனால் வி.ஐ.டி. மாணவர்களால் வாடகை ஏறி இறங்கும். மே மாதம் அறைகள் காலியாகும்போது பேரம் படியும், ஜூலையில் படியாது. தோட்டப்பாளையம், சி.எம்.சி. ஆஸ்பத்திரி சுற்றுவட்டாரம் நோயாளிகளோடு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் இடம். இரவு 10 வரை ஹெட்செட் போட்டுப் பேசும் வேலைக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீடுகள் நன்றாகவே இருக்கும், பாகாயம் அமைதி. இரண்டிலிருந்தும் ஸ்டேஷனுக்கு ஊரைக் கடந்து, பாலாற்றுப் பாலம் தாண்டி வரவேண்டும், அதிகாலை வண்டி என்றால் சிரமம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று எந்தத் தெருவிலும் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

வீடு பார்க்க மே மாதம் மதியம் 3 மணிக்குப் போங்கள். பெட்ரூமின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றினால் அந்த வீடு வேண்டாம், அந்தச் சூடு ராத்திரி 11 மணி வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். தினம் 8 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் என்றால் அதற்கு மட்டுமே 400 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் சேர்ந்தால் 500 தாண்டும். 500 தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விகிதம் ஏறிவிடும். கீழ்த்தள வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. கீழும் மேலும் ஒரே மீட்டர் என்றால் எடுக்கவே வேண்டாம்.

மின்தடை விஷயம் இங்கே பலருக்கும் பாதிதான் தெரியும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வரும். ஷிப்ட் 1 மணிக்கு ஆரம்பிப்பதால் மகளுக்கு மாட்டுவது கடைசி சில மணி நேரம்தான். லேப்டாப், ரவுட்டர், ஒரு ஃபேன், ஒரு லைட் சேர்ந்து 150 வாட் வரும். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரி இதை ஆறு, ஏழு மணி நேரம் தாங்கும். வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன பழைய பேட்டரி பாதியும் தாங்காது, அதனால் வாங்கிய தேதி கேளுங்கள்.

சிக்கல் இன்வெர்ட்டரில் முடிவதில்லை. வீட்டு ரவுட்டரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், நெட் இருக்காது. தெருமுனையில் ஆபரேட்டர் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போய், அங்கே பேட்டரி செத்திருக்கும். அல்லது சாக்கடைக்குத் தோண்டிய ஜே.சி.பி. ஃபைபரை அறுத்திருக்கும். "உங்கள் பெட்டிக்கு பேக்கப் எத்தனை மணி நேரம்?" என்று ஆபரேட்டரிடம் நேராகக் கேளுங்கள், முழித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஃபைபர் ஒரு கம்பெனி, போன் சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்வது கட்டாயம். இரண்டும் ஒன்றேயானால் சேர்ந்தே விழ வாய்ப்பு உண்டு. அந்த சிம் சிக்னலை வாசலில் அல்ல, மேஜை போடப்போகும் மூலையில், இரவு 8 மணிக்குச் சோதியுங்கள். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து மயங்கவேண்டாம், வீடியோ காலுக்கு வேண்டியது நிலையான அப்லோடு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. போர் தண்ணீரில் எவ்வளவு காட்டுகிறது, மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கொருமுறை வருகிறது, சம்ப் இருக்கிறதா, இது மூன்றும் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உடனே வீடெடுக்காதீர்கள். மே மாதம் காட்பாடியில் ஒரு அறையை முப்பது நாளுக்கு எடுத்து, பெங்களூரு பி.ஜி.யை விடாமல், மகள் அந்த அறையிலிருந்து வேலை பார்க்கட்டும். இரட்டைச் செலவுதான், எம்.பி.ஏ.வின் ஒரு தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை முறை நெட் போனது, எத்தனை முறை கால் விட்டுப்போனது, இரவு 10 மணிக்கு மேல் சாப்பாடு கிடைத்ததா, தனியாக நடந்து வரத் தயக்கம் இருந்ததா என்று அன்றன்றே எழுதி வைக்கட்டும். மாத முடிவில் அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுப்பவர் அவர்தான். பெரியப்பாவும் மாமாவும் இல்லை, நீங்களும் இல்லை. வேண்டாம் என்று அவரே சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள். சரி என்றால் 11 மாத ஒப்பந்தம், காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதனால் கையெழுத்துக்கு முன் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள்.