முதுகு காட்டும் மனிதர்கள்

வணக்கம் சார். இத்தாலியின் பதுவா நகரில் ஓவியர் ஜோத்தோ வரைந்த இயேசுவின் வாழ்க்கைச் சித்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, போனில் ஒவ்வொரு படமாகத் தேடிப் பார்த்தேன். எங்கள் கோயில் சுவரில் மாட்டியிருக்கும் சிலுவைப்பாதைப் படங்கள் மாதிரிதான் தெரிகிறது. கதையும் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. மலையும் மரமும் பொம்மை போல் இருக்கின்றன. சிலர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் என்ன பிரமாதம்?

— ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஒவ்வொரு படமாகப் பார்த்ததுதான் சிக்கல். இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் சிலுவைப்பாதையில் 14 நிலைகளையும் வரிசையாகக் கடந்து போகிறோம். ஜோத்தோவின் சித்திரங்கள் இருக்கும் ஸ்க்ரோவேனி சிற்றாலயத்தில் கதை அப்படியும் போகும், மேலிருந்து கீழாகவும் இறங்கும். (உங்களுக்குத் தெரிந்த ஊர்தான், நம் அந்தோணியார் அடக்கமாகியிருக்கும் அதே பதுவா.) பக்கச் சுவர்களில் மூன்று வரிசைகள். மேலே மரியாளும் அவருடைய பெற்றோரும், நடுவில் இயேசுவின் பிறப்பும் ஊழியமும், கீழே பாடுகளும் உயிர்ப்பும்.

நடு வரிசையில் மூன்று ராஜாக்கள் வருகிறார்கள். வயதான ராஜா மண்டியிட்டுக் குழந்தை இயேசுவின் காலடியில் குனிந்திருக்கிறார். அதற்கு நேர் கீழே இருக்கும் படம், பெரிய வியாழன் அன்று நீங்கள் கோயிலில் பார்க்கும் பாதம் கழுவுதல். ராஜா யாருக்கு மண்டியிட்டாரோ அவரே இங்கே ஒரு மீனவரின் காலைக் கழுவ மண்டியிட்டிருக்கிறார். பக்கத்து ஜோடி இன்னும் கொடுமை. மேலே, குழந்தையைக் கோயிலில் ஒப்புக்கொடுக்கும் காட்சியில், கிழவர் சிமியோன் அதைக் கையில் ஏந்துகிறார். அது அம்மாவிடம் தாவப் பார்க்கிறது. கீழே, காட்டிக்கொடுக்க வந்த சீடன் யூதாஸ் தன் மஞ்சள் மேலாடையால் இயேசுவை மூடி அணைக்கிறான். இரண்டு முகங்களும் அவ்வளவு நெருக்கத்தில் கண்ணுக்குக் கண் பார்க்கின்றன. சுற்றிலும் ஈட்டிகளும் தீவட்டிகளும்.

யூதாஸைப் பற்றி இன்னொன்று. 1305இல் அர்ச்சிக்கப்பட்ட இந்தச் சிற்றாலயத்தைக் கட்டியவர் என்ரிகோ ஸ்க்ரோவேனி. அவருடைய தகப்பனாரைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் வட்டிக்காரர்களோடு உட்கார வைத்தார். பேர் சொல்லவில்லை, குலச்சின்னத்தைச் சொன்னார், அது போதும். அந்தக் குடும்பத்துக் கோயிலில், பீடத்துக்கு முன்னால் உள்ள வளைவின் ஒரு பக்கத்தில் யூதாஸ் பணப்பையோடு நிற்கிறான், முதுகுக்குப் பின்னால் சாத்தான். மறுபக்கம் மரியாளும் அவருடைய உறவினர் எலிசபெத்தும் கட்டியணைத்து நிற்கிறார்கள். என்ரிகோ தினமும் எதைப் பார்த்துக்கொண்டு செபம் செய்தாரோ!

சரி, முதுகு. ஜோத்தோவுக்கு முந்தைய இத்தாலியச் சித்திரங்களில் புனிதர்கள் பெரும்பாலும் நம்மைப் பார்த்தே நிற்பார்கள், நாம் கும்பிடுவதற்காக. ஜோத்தோவின் ஆட்கள் நமக்காக அங்கே வரவில்லை. இறந்த இயேசுவைக் கிடத்தியிருக்கும் படத்தில் இரண்டு பெண்கள் நமக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி அவர் தலையைத் தாங்கியிருக்கிறாள். அவள் முகம் தெரிவதில்லை, துணி மூடிய கனத்த முதுகுதான் தெரிகிறது. எழவு வீட்டில் பின்னால் வந்து நிற்பவருக்கு அப்படித்தான் தெரியும். இந்தப் படத்துக்கு மேலே, இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணம். இரண்டிலும் அம்மா இருக்கிறார்.

பொம்மை மலை, பொம்மை மரம் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், நான் சண்டைக்கு வரவில்லை. கட்டடங்களும் அப்படித்தான், மனிதர்கள் எழுந்து நின்றால் கூரை இடிக்கும். அவர் உழைப்பு முழுவதும் மனிதர்கள் மேல் போயிருக்கிறது. ஒரு சுவர் முழுவதும் ஒரே புகைப்படத்தில் தெரிவது இணையத்தில் கிடைக்கும். அதை போனில் பார்க்காமல் கணினியில் திறந்து பாருங்கள்.